குரூப் எடுக்கும் முன் ஒரு நாற்பது பக்க நோட்டு

பத்தாம் வகுப்புப் பரீட்சை ஏப்ரல் நடுவில் முடிகிறது. ரிசல்ட் மே நடுவில் வருகிறது. இடையில் கிடைக்கும் நான்கைந்து வாரங்களைப் பெரும்பாலான வீடுகள் ஊருக்குப் போவதிலும் கோடை வகுப்பிலும் செலவழித்துவிடுகின்றன. ரிசல்ட் வந்த மறுநாள் பள்ளி அலுவலகத்தில் விண்ணப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "பயோ-மேத்ஸா, கம்ப்யூட்டர் சயின்ஸா, காமர்ஸா?" என்று பத்து நிமிடத்தில் முடிவெடுக்கிறார்கள். அடுத்த ஏழெட்டு வருடம் எந்தக் கதவுகள் திறந்திருக்கும் என்பதை அந்தப் பத்து நிமிடம் தீர்மானிக்கிறது. அந்த நான்கைந்து வாரங்களில் வீட்டில் என்ன செய்யலாம் என்பதற்காகவே இந்தப் பதிவு.

பதினைந்து வயதுப் பிள்ளை "நான் டாக்டராகப் போகிறேன்" என்று சொன்னால், அதில் பாதிக்குமேல் வீடு பேசுகிறது. எந்த வேலையைச் செய்பவர்களைப் பிள்ளை கண்ணால் பார்த்திருக்கிறதோ, எந்த வேலையைப் பற்றி வீட்டில் மரியாதையாகப் பேசுகிறார்களோ, எதைக் கண்டு வீடு பயப்படுகிறதோ, அதிலிருந்துதான் ஆசை உருவாகிறது. பட்டதாரியே இல்லாத வீட்டில் வளரும் பிள்ளைக்கு ஆசிரியர், நர்ஸ், போலீஸ், டாக்டர், வி.ஏ.ஓ. ஆகிய ஐந்து வேலைகள்தான் தெரிந்திருக்கும். அந்தப் பட்டியல் சிறியதாக இருப்பதற்கும் பிள்ளையின் திறமைக்கும் சம்பந்தமில்லை. அவர்கள் நேரில் சந்தித்த ஆட்கள் அவ்வளவுதான். மென்பொருள் துறையில் வேலை பார்க்கும் பெற்றோரின் பிள்ளைக்கும் இதே கதிதான். அங்கே பட்டியல் வேறு, நீளம் ஏறக்குறைய அதேதான்.

பயமும் ஒரு பெரிய ஆசான். கடன்பட்டு வியாபாரம் நொடித்த வீட்டில் "கவர்மென்ட் வேலை" என்ற சொல்லுக்கு இருக்கும் எடையை வெளியிலிருந்து பார்ப்பவர்கள் புரிந்துகொள்வதில்லை. பட்டறிந்து பெற்ற அறிவு அது. அதைப் பிள்ளையிடம் "அதெல்லாம் உனக்குப் புரியாது" என்று மூடிவைக்காமல் கணக்காகச் சொல்ல வேண்டும். எவ்வளவு கடன், எத்தனை வருடம், எந்த மாதம் எதை விற்றோம் என்று சொன்னால் பிள்ளை பயத்தை வாங்கிக்கொள்ளாது, விவரத்தை வாங்கிக்கொள்ளும். விவரம் தெரிந்த பிள்ளை சொந்தத் தொழில் வேண்டாம் என்று முடிவெடுத்தாலும், வேண்டும் என்று முடிவெடுத்தாலும், தெரிந்து எடுக்கிறது.

வீட்டுத் தொழில் சொல்லிக்கொடுத்த திறமைகளை நாம் திறமையாகவே கணக்கில் சேர்ப்பதில்லை. இந்த வருத்தம் எனக்கு எப்போதும் உண்டு. திருப்பூரில் பனியன் வேலை செய்யும் வீட்டுப் பிள்ளை துணியை விரலில் தேய்த்துப் பார்த்து ஏறக்குறைய எத்தனை ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்) என்று சொல்லிவிடும். மளிகைக் கடைப் பிள்ளைக்குக் கடன் நோட்டும் சரக்குச் சுழற்சியும் பேச்சுவாக்கில் தெரியும். தூத்துக்குடி, நாகப்பட்டினம் கடற்கரைப் பிள்ளைக்குக் காற்றும் நீரோட்டமும் மீன் வரும் காலமும் தெரியும். இதே பிள்ளை பள்ளியில் "சுமார் மாணவன்" என்று பெயர் வாங்கிக்கொண்டு, அப்பாவின் தொழிலுக்குச் சற்றும் தொடர்பில்லாத ஒரு படிப்பில் கடைசி வரிசையில் போய் உட்காருகிறது.

அப்பாவின் தொழிலையே பிள்ளை செய்ய வேண்டும் என்று சொல்ல வரவில்லை. அந்தத் தொழிலை ஒட்டி மேலே ஏறும் படிகள் இருப்பது பல வீடுகளுக்குத் தெரியவில்லை. சிவகாசி அச்சக வீட்டுப் பிள்ளைக்கு, கிண்டி பொறியியல் கல்லூரியில் அச்சுத் தொழில்நுட்பத்துக்கென்றே ஒரு பி.இ. இருப்பது தெரிந்திருக்க வேண்டும். நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மீன்வளப் பல்கலைக்கழகத்தில் பி.எப்.எஸ்சி. நான்கு வருடப் படிப்பு. அதன் மூத்த கல்லூரி தூத்துக்குடியில் இருக்கிறது. கல்லிலோ உலோகத்திலோ கை பழகிய வீட்டுக்கு மாமல்லபுரத்தில் அரசு சிற்பக் கல்லூரி உண்டு. பின்னலாடை வீட்டுக்கு நெசவுத் தொழில்நுட்பமும் ஆடை வடிவமைப்பும் மட்டும் வழி என்று நினைக்க வேண்டாம். ஒரு சட்டைக்கு என்ன அடக்க விலை என்று பார்க்கும் காஸ்டிங் வேலைக்கு காமர்ஸ் குரூப் வழியாகவும் போகலாம்.

இனி பிள்ளையின் பக்கம். "உனக்கு எது பிடிக்கும்?" என்று நேராகக் கேட்டால் சரியான பதில் வராது. கேட்பவர் எதைக் கேட்க விரும்புகிறார் என்று பார்த்துத்தான் பிள்ளை பேசும். அதனால் கேட்காமல் எழுதவையுங்கள். ஒரு நாற்பது பக்க நோட்டு, முப்பது நாள், பக்கத்துக்கு மூன்று பத்தி. முதல் பத்தியில் யாரும் சொல்லாமல் அன்றைக்குத் தானாகச் செய்தது என்ன. இரண்டாவதில் எவ்வளவு நேரம். மூன்றாவதில் எங்கே மாட்டிக்கொண்டது, மாட்டிக்கொண்டதும் என்ன செய்தது.

மூன்றாவது பத்திதான் நோட்டின் உயிர். பாட்டு, படம், விளையாட்டு, செல்போன் எல்லாம் எல்லாருக்கும் பிடிக்கும். ஒரு வேலை தடைபடும் இடத்தில் பிள்ளை என்ன செய்கிறது என்பது வேறு விஷயம். வரைந்த கை சரியாக வரவில்லை என்று தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு எழுந்து போனதா, இன்னொரு தாளில் அதே கையை ஆறு தடவை வரைந்து பார்த்ததா? கணினியில் எழுதிய நிரல் ஓடவில்லை என்றதும் யூடியூபில் வேறொன்றைப் பார்க்கப் போனதா, ஒவ்வொரு வரியாக நிறுத்தி எங்கே தப்பு என்று தேடியதா? செஸ்ஸில் தோற்றதும் அடுத்த ஆட்டத்தைத் தொடங்கியதா, தோற்ற ஆட்டத்தைத் திரும்ப வைத்துப் பார்த்ததா? ஒவ்வொரு தொழிலிலும் சலிப்பான ஒரு பாதி இருக்கிறது. அந்தப் பாதியைத் தாங்குகிற பிள்ளைக்குத்தான் அது தொழிலாகும். மற்றவர்களுக்குப் பொழுதுபோக்காக இருக்கட்டும், அதுவும் நல்லதுதான்.

இந்த நோட்டு கெட்டுப்போகும் வழிகளும் உண்டு. பெற்றோர் தினமும் எடுத்துப் படித்தால் மூன்றாம் நாளிலிருந்து பிள்ளை உங்களுக்காக எழுதத் தொடங்கிவிடும். முப்பதாம் நாள் வரை தொடாதீர்கள். "இன்றைக்கு இரண்டு மணி நேரம் வரைந்தாயா, ஐஸ்கிரீம் வாங்கித் தருகிறேன்" என்று பரிசு கொடுத்தாலும் கணக்குத் தப்பாகிவிடும். ஐஸ்கிரீமுக்காக வரைந்ததும் நோட்டில் ஏறிவிடும். பரீட்சைக் காலத்தில் ஆரம்பிக்காதீர்கள். அப்போது படிப்பிலிருந்து தப்பிக்க எதைச் செய்தாலும் ஆர்வம் போலத் தெரியும். செல்போன் நேரத்தைத் தனியாக, ஒளிக்காமல் எழுதச் சொல்லுங்கள். பார்த்த நேரம் ஒரு கணக்கு, செய்த நேரம் இன்னொரு கணக்கு. சமையல் வீடியோ பார்த்தது பார்த்த நேரம். அதைப் பார்த்து ரசம் வைத்து, உப்புக் கூடிப்போய், மறுநாள் திரும்ப வைத்தது செய்த நேரம்.

முப்பதாம் நாள் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். பெயர்ச்சொற்களை விட்டுவிட்டு வினைச்சொற்களுக்கு அடிக்கோடு போடுங்கள். "கிரிக்கெட்" என்று இருபது நாள் எழுதியிருக்கும். நான்கு பிள்ளைகள் அந்த ஒரே சொல்லை எழுதியிருந்தாலும் உள்ளே வேறு வேறு வேலை இருக்கும். ஒருவன் யார் எந்த மைதானத்தில் எத்தனை ரன் எடுத்தார்கள் என்று அட்டவணை போடுகிறான். அவனுக்குப் பிடித்தது எண்கள், புள்ளியியல் பக்கம் கூட்டிப்போய்க் காட்டலாம். இன்னொருவன் தெருவில் பதினொரு பேரைச் சேர்த்து, பந்துக்குக் காசு வசூலித்து, பக்கத்து ஊர் அணியோடு மேட்ச் பேசி வருகிறான். அவன் செய்வது நிர்வாகம். மூன்றாமவன் எல்.பி.டபிள்யூ. விதியை வரிவரியாகச் சொல்லி அம்பயரோடு வாதாடுகிறான். அவனைச் சட்டப் படிப்புப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்க்கச் சொல்லலாம். நான்காமவன்தான் ஐந்தரை மணிக்கு எழுந்து ஓடுகிறான், ஒரே பந்தை நூறு தடவை வீசுகிறான். "கிரிக்கெட் பைத்தியம்" என்று நாலு பேரையும் ஒரே வாயில் திட்டிவிட்டுப் போனால் நாலு தகவலும் போய்விடும்.

பாடம் பிடிக்கும் என்று சொல்வதையும் ஒரு தடவை உரசிப் பார்க்க வேண்டும். "பயாலஜி பிடிக்கும்" என்றால் பல நேரம் பயாலஜி டீச்சரைப் பிடிக்கும் என்று அர்த்தம். டீச்சர் இல்லாமல் அந்தப் பாடம் எப்படி இருக்கிறது என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் பிளஸ் ஒன் புத்தகங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. எடுக்க நினைக்கும் குரூப்பின் முக்கியப் பாடங்களில் முதல் இரண்டு அத்தியாயங்களை இறக்கி, ஒரு பாடத்துக்கு ஆறு நாள், நாளுக்கு இரண்டு மணி நேரம் உட்காரச் சொல்லுங்கள். மனப்பாடம் வேண்டாம். படித்து, பயிற்சிக் கணக்குகளைப் போட்டுப் பார்த்தால் போதும். கணிதத்தில் முதல் பாடம் கணங்கள், தொடர்புகள், சார்புகள். கணக்குப்பதிவியலில் கணக்கியல் அறிமுகம்.

இயற்பியலில் ஒரு கண்ணி இருக்கிறது, அதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. இரண்டாவது பாடமான இயக்கவியலிலேயே வெக்டரும் வகைநுண்கணிதமும் வந்துவிடுகின்றன. ஆனால் கணிதப் புத்தகத்தில் வெக்டர் எட்டாவது பாடம், எல்லையும் வகையிடலும் அதற்கும் பிறகு, எல்லாம் இரண்டாம் தொகுதியில். கணக்கு வாத்தியார் அங்கே போய்ச் சேர்வதற்கு மாதக்கணக்கில் முன்பே இயற்பியல் வாத்தியார் அதைப் பயன்படுத்த ஆரம்பித்துவிடுவார். பத்தாம் வகுப்பில் 95 வாங்கிய பிள்ளை பிளஸ் ஒன் காலாண்டில் 50க்கு இறங்கி, "எனக்கு பிசிக்ஸ் வராது" என்று முடிவு கட்டுவதற்குப் பெரிய காரணம் இந்த வரிசைக் குளறுபடிதான். ஆர்வம் செத்துவிட்டது என்று பெற்றோரும் நினைத்துக்கொள்கிறார்கள். மே மாதத்தில் வெக்டர் கூட்டலையும் எளிய வகையிடலையும் பத்து நாள் சொல்லிக்கொடுத்தால் இந்தத் தடை பெரும்பாலும் நீங்கிவிடும்.

நோட்டும் புத்தகமும் வீட்டுக்குள் நடப்பவை. வெளியே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. வேலை செய்யும் ஆறு பேரைப் பிள்ளை நேரில் பார்க்க வேண்டும், ஆளுக்கு இருபது நிமிடம். மூன்று பேர் பிள்ளை ஆசைப்படும் துறை, மூன்று பேர் வீடு கேள்விப்படாத துறை. பெற்றோர் கூட வரலாம், பேசக் கூடாது. "இந்தத் துறையில் எதிர்காலம் எப்படி சார்?" என்று கேட்டால் மேடைப் பேச்சுதான் பதிலாக வரும். கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. நேற்றுக் காலையிலிருந்து ராத்திரி வரை என்ன வேலை செய்தீர்கள்? அதில் சலிப்பானது எது? முதல் சம்பளம் எந்த வயதில் வந்தது? அதுவரை யார் செலவு செய்தார்கள்? திரும்பப் பதினைந்து வயது வந்தால் என்ன குரூப் எடுப்பீர்கள்? வக்கீல் ஆசை உள்ள பிள்ளையை ஒரு முற்பகல் மாவட்ட நீதிமன்றத்துக்கு அழைத்துப் போங்கள். வழக்கு விசாரணை பொதுவாகத் திறந்த நீதிமன்றத்தில்தான் நடக்கும், பின் பெஞ்சில் அமைதியாக உட்கார்ந்து பார்க்கலாம். பெரும்பாலான நேரம் வாய்தாவாகவே போவதைப் பார்த்த பிறகும் பிள்ளைக்கு ஆசை குறையவில்லை என்றால் அது உறுதியான ஆசை.

டாக்டர் ஆசைக்கு வயதுக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். பதினெட்டில் சேர்ந்தால் நாலரை வருடம் படிப்பு, ஒரு வருடம் பயிற்சி மருத்துவர் வேலை. எம்.பி.பி.எஸ். கையில் வரும்போது இருபத்து மூன்றரை. அதற்கு மேல் எம்.டி. அல்லது எம்.எஸ். மூன்று வருடம். நீட்டுக்கு ஒரு வருடம் ரிப்பீட்டராக உட்கார்ந்தால் எல்லாம் ஒரு வருடம் தள்ளும். கூடப் படித்த நண்பன் இருபத்திரண்டில் சம்பளம் வாங்கும்போது தன் பிள்ளை புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பதை வீடு தாங்குமா என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். பிள்ளைக்குப் பொறுமை இருந்தும் வீட்டுக்கு இல்லாமல் போகும் இடங்கள் உண்டு.

சாதித்தவர்களின் கதையைச் சொல்லிப் பிள்ளையை உசுப்புவது நம் வழக்கம். அந்தக் கதைகளில் வீடு என்ன செய்தது என்று பார்த்தால் ஒன்றுக்கொன்று எதிரான முடிவுகள் கிடைக்கும். செஸ் வீரர் குகேஷின் அப்பா காது-மூக்கு-தொண்டை மருத்துவர். மகனோடு போட்டிகளுக்குப் போவதற்காகத் தன் தொழிலை நிறுத்திவைத்தார். மகன் நாலாம் வகுப்போடு வழக்கமான பள்ளியை விட்டான். 2019 ஜனவரியில், பன்னிரண்டு வயதில் கிராண்ட் மாஸ்டர். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் உலக சாம்பியன். விஸ்வநாதன் ஆனந்துக்கு ஆறு வயதில் செஸ் சொல்லிக்கொடுத்தவர் அம்மா. அவர் 1988இல் இந்தியாவின் முதல் கிராண்ட் மாஸ்டரானார். பள்ளியை விடவில்லை, லயோலா கல்லூரியில் பி.காம்.உம் படித்தார். வைஷாலியைச் செஸ்ஸில் சேர்த்தது டி.வி. பார்ப்பதைக் குறைக்கத்தான். அக்காவைப் பார்த்துத் தம்பி பிரக்ஞானந்தா பலகை முன் உட்கார்ந்தார். இன்று இருவரும் கிராண்ட் மாஸ்டர்கள்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று, செஸ்ஸுக்கு ரேட்டிங் உண்டு என்பது. பத்து வயதுப் பிள்ளை உலகத்தில் எந்த இடத்தில் நிற்கிறது என்பதை ஒரு எண் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடும். குகேஷின் வீடு எடுத்த துணிச்சலான முடிவுக்குப் பின்னால் அந்த எண் இருந்தது. ஓவியம், நடனம், எழுத்து, படம் எடுப்பது போன்றவற்றுக்கு அப்படியோர் எண் பதினைந்து வயதில் கிடைப்பதில்லை. அளவுகோல் இருக்கும் துறையில் எடுத்த முடிவை அளவுகோல் இல்லாத துறைக்குத் தூக்கிக்கொண்டு போகக் கூடாது. அளவுகோல் இல்லாத இடத்தில் ஆனந்த் வழிதான் பாதுகாப்பு என்பது என் கருத்து. படிப்பும் ஓடட்டும், ஆர்வத்துக்குத் தினமும் நிச்சயமான ஒரு நேரமும் இருக்கட்டும்.

சி.வி. ராமன் வாழ்க்கையும் இதைத்தான் காட்டுகிறது. அப்பா விசாகப்பட்டினத்தில் கணிதமும் இயற்பியலும் கற்பித்தவர், வீட்டில் புத்தகங்களுக்குக் குறைவில்லை. ஆனாலும் ராமன் 1907இல் நிதித்துறைத் தேர்வெழுதி கல்கத்தாவில் கணக்கு அதிகாரியாகப் போனார். அன்றைக்கு அறிவியலை நம்பிச் சம்பளம் வாங்க வழி குறைவு. அலுவலகம் போக மிச்ச நேரத்தை பௌபஜாரில் இருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் கழித்தார், ஒரு மாதம் இரண்டு மாதமில்லை, பத்து வருடம். 1917இல் பேராசிரியர் பதவி கிடைத்ததும் அதிகச் சம்பள அரசு வேலையை விட்டார். அவருடைய அண்ணன் மகன் சந்திரசேகர் வீட்டில் வேறு கதை. ரயில்வே கணக்குத் துறையில் இருந்த அப்பா, மகன் ஐ.சி.எஸ். அதிகாரியாக வேண்டும் என்று விரும்பினார். மகன் மனசுக்குப் பிடித்ததைச் செய்யட்டும் என்று நின்றவர் அம்மா சீதாலட்சுமி. நோய்வாய்ப்பட்டிருந்த நிலையிலும் 1930இல் மகனை இங்கிலாந்துக்கு அனுப்பினார். மறு வருடம் இறந்துபோனார். வானியற்பியலுக்காக 1983இல் மகன் நோபல் பரிசு வாங்கினார். ஒரே குடும்பத்துக்குள்ளேயே ஒருவர் வேலையோடு சேர்த்து ஆர்வத்தை வளர்த்தார், இன்னொருவர் நேராகப் போனார்.

இப்போது கதவுகள். எந்த குரூப் எதை அடைக்கிறது என்பதை வீட்டுச் சுவரில் எழுதி ஒட்டலாம். பி.இ.க்குக் கணிதம், இயற்பியல், வேதியியல் வேண்டும். நீட்டுக்கு உயிரியல் வேண்டும். கணிதம் இல்லாத சயின்ஸ் குரூப் எடுத்தால் பி.இ. மட்டும் போவதில்லை, கட்டடக்கலைப் படிப்பான பி.ஆர்க்.கும் போய்விடும். அதற்குக் கணிதமும் இயற்பியலும் கட்டாயம். நன்றாக வரைகிற, கட்டடம் என்றாலே கண் விரிகிற பிள்ளைகள் "கணக்கு வேண்டாம்" என்று ஓடிப்போய் இந்த இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். தமிழ்நாட்டில் பி.ஆர்க். சேர்க்கைக்குப் பிளஸ் டூ மதிப்பெண் 200க்கும், நாட்டா என்ற கட்டடக்கலை நுழைவுத் தேர்வு 200க்கும் மாற்றி மொத்தம் 400க்குப் பார்க்கிறார்கள்.

எந்த குரூப்பிலிருந்தும் போகக்கூடியவையும் நிறைய. ஐந்து வருடச் சட்டப் படிப்பு, என்.ஐ.டி., நிஃப்ட் வடிவமைப்புப் படிப்புகள் ஆகியவை எந்த குரூப் என்று பார்ப்பதில்லை. அகமதாபாத்தின் என்.ஐ.டி. வடிவமைப்புக்கு, அதைத் திருச்சி என்.ஐ.டி.யோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். சி.ஏ.வும் அப்படித்தான். காமர்ஸ் எடுத்தால் முதல் நிலை கொஞ்சம் எளிது, அவ்வளவே. முதல் நிலையில் நான்கு தாள், தாளுக்கு நூறு. ஒவ்வொன்றிலும் நாற்பதும் மொத்தத்தில் பாதியும் வாங்கினால் தேர்ச்சி. காமர்ஸ் எடுக்கும் பிள்ளைக்குப் பொருளியலிலோ புள்ளியியலிலோ துளி ஆசை இருந்தாலும் வணிகக் கணிதம் உள்ள குரூப்பாகப் பார்த்து எடுக்கச் சொல்வேன்.

"எதற்கும் இருக்கட்டும், பயோ-மேத்ஸ் எடுத்து வை" என்ற பேச்சு இரண்டு கதவும் திறந்திருக்க ஆசைப்படும் வீட்டுப் பேச்சு. கணக்கிலும் உயிரியலிலும் இரண்டிலும் கை ஓடுகிற பிள்ளைக்குச் சரி. எம்.பி.பி.எஸ்.உம் பி.இ.யும் இரண்டும் வேண்டாம் என்று நோட்டு முப்பது நாளும் சொன்ன பிள்ளைக்கு அது இரண்டு வருடச் சுமை. அந்தச் சுமையில் மதிப்பெண் சரிந்து, தான் விரும்பிய படிப்புக்கான மதிப்பெண்ணும் இல்லாமல் போவதுதான் பெரும்பாலும் நடக்கிறது.

கட்-ஆஃப் கணக்கைப் பிள்ளையே போட்டுப் பழகட்டும். பி.இ. கவுன்சலிங்குக்கு 200க்குக் கணக்கு. கணிதம் நூறு அப்படியே, இயற்பியலிலும் வேதியியலிலும் பாதி. கணிதம் 92, இயற்பியல் 88, வேதியியல் 90 என்றால் 92, 44, 45 சேர்த்து 181. கணக்கில் இழந்த ஒரு மார்க்கை மீட்க இயற்பியலில் இரண்டு மார்க் வேண்டும். மெஷின்களைப் பிரித்துப் போடுவதில் ஆர்வமுள்ள, கணக்கு மட்டும் ஓடாத பிள்ளைக்கு இந்தக் கணக்கு பாதகம். அதற்கு பாலிடெக்னிக் என்ற நல்ல வழி இருக்கிறது. பத்தாம் வகுப்போடு மூன்று வருட டிப்ளமோ, பிறகு வேண்டுமானால் பி.இ. இரண்டாம் வருடத்தில் நேரடியாகச் சேரலாம். கைவேலையில் கெட்டியாக இருக்கும் பிள்ளையைப் பிளஸ் டூவில் தள்ளி 120 கட்-ஆஃப் வாங்கவைப்பதைவிட இது எவ்வளவோ மேல். பாலிடெக்னிக் என்றால் உறவுக்காரர்கள் முகம் சுளிப்பார்களே என்ற தயக்கம் மட்டும்தான் பல வீடுகளில் குறுக்கே நிற்கிறது.

இன்னொரு தவறு நல்லெண்ணத்தில் நடப்பது, அதனால் ரொம்பவே வலிக்கும். அரசுப் பள்ளியில் பத்து வரை படித்த பிள்ளையை "கோச்சிங் நன்றாக இருக்கும்" என்று பிளஸ் ஒன்னில் தனியார் பள்ளிக்கு மாற்றுகிறார்கள். பொதுவாக ஆறு முதல் பன்னிரண்டு வரை முழுக்க அரசுப் பள்ளியில் படித்திருந்தால்தான் 7.5 சதவீத இட ஒதுக்கீடு. மருத்துவத்துக்கு 2020இலும், பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கு 2021இலும் வந்தது. அந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கல்லூரிக் கட்டணத்தையும் விடுதிச் செலவையும் அரசே ஏற்கிறது. பள்ளி மாறினால் அது போய்விடும். மாணவிகளுக்குப் புதுமைப்பெண், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் ஆயிரம் ரூபாய் கிடைப்பதற்கும் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பள்ளி எது என்று பார்க்கிறார்கள். மாற்றுவதற்கு முன் இந்த இழப்பை ரூபாயில் எழுதிப் பாருங்கள்.

பணப் பேச்சைக் கவுன்சலிங் வாரத்துக்குத் தள்ளாதீர்கள். பெற்றோர் ஒரு தாளில் மூன்று எண் எழுதிக் காட்டினால் போதும். வருடத்துக்கு நம்மால் கையிலிருந்து எவ்வளவு முடியும், எத்தனை வருடம் முடியும், கடன் என்றால் எவ்வளவு வரை. பொதுத்துறை வங்கிகளின் வழக்கமான கல்விக் கடனில் ஏழரை லட்சம் வரை சொத்து அடமானம் கேட்பதில்லை, படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை தவணையும் கிடையாது. ஆனால் வட்டி நிற்பதில்லை. வருடம் ஒரு லட்சம் வீதம் நான்கு வருடம், பத்து சதவீத வட்டி என்று வைத்துக்கொள்வோம். தவணை தொடங்கும் நாளில் தனி வட்டியே 1,40,000 சேர்ந்திருக்கும். 5,40,000 ரூபாயைப் பத்து வருடத்தில் அடைக்க மாதம் சுமார் 7,140 ரூபாய். இந்த எண்ணைப் பார்த்துவிட்டு, அந்தப் படிப்பு முடித்தவர்களின் முதல் சம்பளத்தைப் பிள்ளையே விசாரித்து வரட்டும்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் பணத்தைவிட மறைவாக இருப்பது தூரம். "வெளியூர் ஹாஸ்டலுக்கு அனுப்ப மாட்டோம்" என்ற முடிவு பெரியவர்கள் மனதில் எப்போதோ எடுக்கப்பட்டிருக்கும். மகளுக்குத் தெரியாது. அவள் இரண்டு வருடம் உயிரைக் கொடுத்துப் படித்து, கல்லூரி விருப்பப் பட்டியல் போடும்போதுதான் தெரியவரும். அது கொடுமை. ஏப்ரலிலேயே சொல்லுங்கள். எத்தனை கிலோமீட்டர், எந்த ஊரில் சொந்தக்காரர் இருக்கிறார், அரசு விடுதி என்றால் சம்மதமா? முன்பே சொன்னால் மகளுக்கு உங்களோடு வாதாட இரண்டு வருடம் கிடைக்கும். பல வீடுகளில் அந்த இரண்டு வருடத்தில் அப்பாக்கள் மாறியிருக்கிறார்கள்.

அப்பாவோ அம்மாவோ தான் ஆக முடியாததை மகன் ஆக வேண்டும் என்று விரும்புவதையும் மறைக்க வேண்டாம். "எனக்கு இன்ஜினியர் ஆகணும்னு ஆசை, வீட்டு நிலைமையில் முடியல, அதனால உன்னைப் பார்க்கும்போது அந்த ஞாபகம் வருது" என்று வாய்விட்டுச் சொன்னால் பிள்ளைக்கு அது அப்பாவின் கதை என்று புரியும். சொல்லாமல் வைத்திருந்தால் அது தன் கடமை என்று எடுத்துக்கொள்ளும்.

குரூப் எடுத்த பிறகும் வேலை மிச்சமிருக்கிறது. முதல் நான்கு வாரம் முடியும்போது மறுபடியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்காருங்கள். பாடம் கஷ்டமாக இருக்கிறதா, வெறுப்பாக இருக்கிறதா என்று பிரித்துக் கேளுங்கள். கஷ்டம் என்றால் எந்த அத்தியாயம், எந்தக் கணக்கு என்று விரல் வைத்துக் காட்ட முடியும். டியூஷனோ, கூடப் படிக்கும் நண்பனோ, வாத்தியாரிடம் ஒரு தனிப் பேச்சோ தீர்த்துவிடும். வெறுப்பு என்றால் விரல் வைக்க இடம் இருக்காது, மொத்தப் புத்தகத்தையும் தள்ளிவைப்பார்கள். குரூப் மாற்ற வேண்டுமானால் தலைமையாசிரியரிடம் அந்த முதல் மாதத்திலேயே பேசிவிடுங்கள். அப்போது இடமும் இருக்கும், விட்டுப்போன பாடம் இரண்டு அத்தியாயத்துக்கு மேல் போகாது. அரையாண்டுக்குப் பிறகு பேசினால் ஒரு வருடம் போகும். நீட், ஜே.இ.இ. எழுதப்போகிற பிள்ளை என்றால் பிளஸ் ஒன் பாடத்தைப் பள்ளி முழுதாக நடத்துகிறதா என்றும் அதே மாதத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். கட்-ஆஃபுக்குப் பிளஸ் டூ மதிப்பெண் மட்டும் போதும் என்பதால் சில பள்ளிகள் அதை ஓட்டமாக ஓட்டிவிடுகின்றன. அந்த நுழைவுத் தேர்வுகளோ இரண்டு வருடப் பாடத்திலிருந்தும் கேட்கின்றன. நாற்பது பக்க நோட்டில் மிச்சமுள்ள பத்துப் பக்கத்தை இதற்கு வைத்துக்கொள்ளலாம், மாதம் ஒரு பக்கம்.